அந்தத் தாய்க்கு நாம் என்ன பதில் சொல்லப் போகிறோம்?

(பாபநாசம் வட்டாரத்தில் இளைஞர்களும் வணிகர்களும் கூடிய அமர்வில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

கண்ணியத்திற்குரிய பெரியோர்களே! கடையை ஒரு மணி நேரம் பையனிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருக்கும் வணிகப் பெருமக்களே! என் அன்பிற்குரிய இளைஞர்களே! 

கல்வி விழிப்புணர்வு என்று தலைப்புத் தந்திருக்கிறீர்கள். இந்தத் தலைப்பில் நூறு கூட்டங்களில் பேசியிருக்கிறேன். ‘ஓதுவீராக’ என்ற முதல் கட்டளையில் ஆரம்பித்து, கலெக்டர் ஆகுங்கள், டாக்டர் ஆகுங்கள் என்று முடித்து, தக்பீர் முழக்கத்தோடு இறங்கியிருக்கிறேன். இன்று அப்படிப் பேச மனம் வரவில்லை. ஒரு வீட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அந்த வீட்டு வாசலில் நான் வெட்கிக் குனிந்ததைப் பேச வந்திருக்கிறேன்.

பித்ரா பட்டியல் காட்டிய வீடு

2024ஆம் ஆண்டு ரமளான். மார்ச் மாதக் கடைசி. பித்ரா அரிசி யார் யாருக்குப் போக வேண்டும் என்று பட்டியல் சரிபார்க்க இரண்டு இளைஞர்களோடு தெருத் தெருவாகப் போய்க் கொண்டிருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். அய்யம்பேட்டை, சக்கராப்பள்ளி, வழுத்தூர், பண்டாரவாடை, ராஜகிரி என்று நம் வட்டாரத்தில் எந்த ஊரை வைத்துக் கொண்டாலும் அந்த வீடு அங்கே இருக்கும்.

பகல் பதினொரு மணி. பள்ளிக்கூட நாள். உள்ளே ஒரு சிறுவன் பாயில் உட்கார்ந்து எழுதிக் கொண்டிருந்தான். ஒன்பது வயதிருக்கும். அவன் தாய் நோன்போடு சமோசா மடித்துக் கொண்டிருந்தார். மாலையில் பள்ளிவாசல் முனையில் இருக்கும் கடைக்குக் கொடுக்க வேண்டும். திரைக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே ஸலாம் சொன்னார்.

“தம்பிக்கு உடம்பு சரியில்லையாம்மா? பள்ளிக்கூடம் போகலையா?” என்று கேட்டேன்.

“இல்லைங்க அஜரத். வீட்டுலதான் படிக்கிறான். பத்து மாசம் ஆச்சு” என்றார்.

சகோதரர்களே, அவருடைய கணவர் ரியாத்தில் ஒரு கடையில் வேலை பார்த்தவர். 2023 ஜனவரியில் மாரடைப்பில் அங்கேயே வஃபாத்தாகிவிட்டார். அடக்கமும் அங்கேயே. செய்தி வந்த அன்று நாம் எல்லோரும் போனோம். துஆ செய்தோம். ஒரு மாதத்துக்கு அரிசி, பருப்பு கொடுத்தோம். பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம்.

அந்தப் பெண் நான்கு மாதம் பத்து நாள் இத்தாவில் இருந்தார். மகன் படித்த தனியார் பள்ளியிலிருந்து கட்டண பாக்கிக்கு ஆள் மேல் ஆள் அனுப்பினார்கள். போய்ப் பேச ஒரு ஆண் துணை இல்லை. இத்தா முடிந்து அவரே போனபோது பாக்கி பதினெட்டாயிரம் ரூபாய் என்றார்கள். கட்டினால்தான் அடுத்த வகுப்பு, கட்டினால்தான் மாற்றுச் சான்றிதழ். அரசுப் பள்ளியில் சேர்க்கலாம் என்று போனால், “டிசி வாங்கிட்டு வாங்க, அந்தப் பள்ளிக்கூடத்துக்காரங்க எமிஸ்ல பையன் பேரை விடுவிக்கணும்” என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் வீட்டுக்குத் திரும்பி, மகனைப் பாயில் உட்கார வைத்துத் தானே சொல்லிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். அவர் படித்தது எட்டாம் வகுப்பு.

இந்த வீட்டிலிருந்து பள்ளிவாசல் எத்தனை அடி தெரியுமா? பாங்கு சொன்னால் ஒலிபெருக்கி இல்லாமலே கேட்கும். பத்து மாதமாக ஒரு யதீம் பிள்ளை பள்ளிக்கூடம் போகாமல் இருந்தது எனக்குத் தெரியாது. முத்தவல்லிக்குத் தெரியாது. எதிர்வீட்டுக்காரர் ‘பையன் லீவில் இருக்கிறான்’ என்று நினைத்தாராம். அரிசி கொடுக்கப் பட்டியல் வைத்திருந்தோம். அந்தப் பட்டியலில் ‘பிள்ளை என்ன படிக்கிறது’ என்று ஒரு கட்டம் இல்லை!

பாயில் நடந்த பள்ளிக்கூடம்

அந்தச் சிறுவனின் நோட்டை வாங்கிப் பார்த்தேன். இளைஞர்களே, இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள்.

ஒரு பக்கத்தில் தினமும் தேதி போட்டு ஓர் எண் எழுதியிருந்தது. என்னவென்று கேட்டேன். “மேட்டூர் நீர்மட்டம்” என்றான். தெருமுனை முடிதிருத்தும் கடையில் நாளிதழைப் பார்த்து எழுதிக் கொண்டு வருவானாம். அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 120 அடி. இன்றைய மட்டத்தை அதில் கழிக்க வேண்டும். நேற்றைக்கும் இன்றைக்கும் எவ்வளவு குறைந்தது என்று எழுத வேண்டும். அடிக்குப் பின் புள்ளி வைத்து இரண்டு இலக்கம் வருகிறதே, அதில் தசமக் கணக்கையே கற்றுக் கொண்டுவிட்டான். அப்போது அணை ஏறத்தாழப் பாதியாக இறங்கியிருந்த காலம். “ஜூன் 12ஆம் தேதி திறப்பாங்களா அஜரத்?” என்று என்னிடம் கேட்டான். குறுவைக்கு நாள் எண்ணும் மிராசுதாரர் கேட்கிற கேள்வியை ஒன்பது வயதுப் பிள்ளை கேட்கிறது!

வாய்ப்பாட்டைச் சமோசாவில் சொல்லிக் கொடுத்திருந்தார். ஒரு தட்டுக்குப் பன்னிரண்டு, ஏழு தட்டுக்கு எத்தனை? ஒன்று எட்டு ரூபாய் என்றால் கடைக்காரர் எவ்வளவு தர வேண்டும்? எண்ணெய், மாவு, வெங்காயம் போக மிச்சம் எவ்வளவு? வீட்டு வரவு செலவை அந்தப் பிள்ளைதான் எழுதுகிறான். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்ற பழைய கணக்கையும் பாட்டியிடம் கேட்டு எழுதி வைத்திருந்தான்.

தமிழ் வாசிப்புக்கு, பக்கத்து வீட்டுப் பிள்ளை படித்து முடித்த அரசுப் பாடப்புத்தகம். அத்தாவின் பழைய கடிதங்கள் சில. தாய் சமோசா மடிக்கும்போது மகன் உரக்க வாசிக்க வேண்டும். தடுமாறினால் அவர் கை நிற்கும். சரியாக வாசித்தால் மறுபடி மடிப்பார். கை வேலையில், காது பிள்ளையிடம்!

செலவு எவ்வளவு என்று கேட்டேன். நோட்டு, பென்சில், அழிப்பான். மாதம் நூறு ரூபாய்க்குள். நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று கட்டணம் கட்டுகிற நாம், நம் பிள்ளை நேற்று என்ன படித்தது என்று கேட்டால் நோட்டைத் தேடுகிறோம். அந்தத் தாய்க்கு மகனின் ஒவ்வொரு தவறும் மனப்பாடம். “பெருக்கல் நல்லா வரும் அஜரத். வகுத்தல்ல மீதி வந்தா தடுமாறுவான். இங்கிலீஷ்தான் எனக்கே தெரியாது” என்றார்.

இதைப் பார்த்துவிட்டு நான் வழக்கம் போல், “உங்களுக்கு ஸகாத்திலும் ஏதாவது ஏற்பாடு செய்கிறோம்மா” என்றேன். அதற்கு அவர் சொன்ன பதில்தான் என்னை இந்த மேடைக்கு அனுப்பியிருக்கிறது.

“அரிசி குடுங்க, வேணாம்னு சொல்லலை. ஆனா ஒரு மணி நேரம் உக்காந்து இவனுக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுக்க ஒரு ஆள் இருந்தா அனுப்புங்க. அதுதாங்க எங்களுக்கு இல்ல.”

இந்தத் தாய்க்கு நாம் என்ன பதில் சொல்லப் போகிறோம்?

விதவைத் தாய்மார் தந்த இமாம்கள்

நான் மதரஸாவில் ஏழு ஆண்டு ஓதியவன். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் பெயரை ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன்! அவர்கள் ஹிஜ்ரி 150இல் காஸாவில் பிறந்தார்கள். சிறு குழந்தையாக இருக்கும்போதே தந்தை மறைந்தார். தாய் அந்தக் குழந்தையைத் தூக்கிக் கொண்டு மக்காவுக்கு வந்தார். கையில் காசில்லை. ஓதிக் கொடுக்கும் ஆசிரியருக்குக் கூலி தர வழியில்லை. ஆசிரியர் இல்லாத நேரத்தில் மற்றப் பிள்ளைகளுக்கு அந்தச் சிறுவர் ஓதிக் கொடுப்பதைப் பார்த்த ஆசிரியர், அதையே கூலியாக ஏற்றுக் கொண்டார் என்று வரலாறு சொல்கிறது. எழுதக் காகிதம் வாங்க முடியாமல் எலும்புகளில் எழுதினார்கள். அரசு அலுவலகத்தில் ஒருபக்கம் எழுதிக் கழித்த தாள்களைக் கேட்டு வாங்கி மறுபக்கத்தில் எழுதினார்கள். ஏழு வயதில் குர்ஆன் முழுவதும் மனனம்.

இமாம் அஹ்மத் பின் ஹன்பல் (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 164இல் பக்தாதில் பிறந்தவர்கள். தந்தை இளமையிலேயே இறந்துவிட, தாய் வளர்த்த பிள்ளை. இமாம் புகாரி (ரஹ்) அவர்களும் தந்தையை இழந்து தாயிடம் வளர்ந்தவர்கள். பதினாறு வயதில் அந்தத் தாயோடுதான் ஹஜ்ஜுக்குப் போனார்கள்.

சிந்தித்துப் பாருங்கள்! நாம் எந்தச் சட்ட நூல்களைத் திறந்து தொழுகைக்கும் நோன்புக்கும் தீர்ப்புச் சொல்கிறோமோ, அந்த அறிவின் ஒரு பகுதி விதவைப் பெண்களின் வீட்டிலிருந்து புறப்பட்டது. அண்ணலெம் பெருமானார் (ஸல்) அவர்களே பிறக்கும் முன் தந்தையை இழந்து, ஆறு வயதில் தாயையும் இழந்தவர்கள் அல்லவா?

ஆனால் இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். அந்தத் தாய்மார் தனியாக எல்லாவற்றையும் செய்துவிடவில்லை. மக்காவில் கூலி கேட்காத ஓர் ஆசிரியர் இருந்தார். அலுவலகத்தில் பழைய தாளைக் கொடுக்க ஓர் ஊழியர் இருந்தார். பள்ளிவாசல் தூணருகே எந்தச் சிறுவனும் வந்து உட்கார இடம் இருந்தது. தாய் பிள்ளையை வாசல் வரை கொண்டு வந்தார். வாசலைச் சமுதாயம் திறந்து வைத்திருந்தது. நம் வாசல் திறந்திருக்கிறதா?

பத்ரில் நடந்த பேரம்

வணிகப் பெருமக்களே, உங்களுக்குப் புரிகிற கணக்கு ஒன்று சொல்கிறேன். ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு, பத்ர் போர். எழுபது பேர் வரை கைதிகள். ஒவ்வொரு கைதிக்கும் ஆயிரக்கணக்கான திர்ஹம் ஈட்டுத் தொகை. அன்றைய மதீனாவில் வறுமை. வயிற்றில் கல் கட்டிய சமுதாயம். அப்படிப்பட்ட நேரத்தில், பணம் இல்லாத, எழுதத் தெரிந்த கைதிகளிடம் நபி (ஸல்) அவர்கள் என்ன கேட்டார்கள்? மதீனாவின் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுதக் கற்றுக் கொடு, நீ விடுதலை!

அதாவது ஓர் எதிரியின் ஈட்டுத் தொகைக்குச் சமமான விலை, பத்துப் பிள்ளைகளின் எழுத்தறிவு! ஆசிரியர் முஸ்லிம் அல்லர். நேற்று வாளெடுத்து வந்தவர். அதையும் பொருட்படுத்தவில்லை. காசு இல்லாத காலத்தில் எதற்கு முதலிடம் தர வேண்டும் என்று நமக்குக் காட்டித் தந்த பேரம் அது. நாம் இன்று எதற்கு முதலிடம் தருகிறோம்? வலீமாவில் ஐந்து வகை இனிப்பு வைப்பதற்கா?

நம் மண்ணிலேயே ஒரு சான்று

அரபு நாட்டு உதாரணம் நமக்கு ஒத்து வராது என்று சொல்வோர்க்கு நம் காவிரிக் கரையிலேயே ஓர் உதாரணம். நாகூரில் 1917இல் பிறந்தவர் சித்தி ஜுனைதா பேகம் அவர்கள். பள்ளியில் படித்தது மூன்றாம் வகுப்பு வரை. அந்தக் காலத்துக் கட்டுப்பாடு. மீதியெல்லாம் வீட்டுக்குள்ளேயே வாசித்துக் கற்றது. அந்தப் பெண்மணி எழுதிய ‘காதலா கடமையா’ நாவல் 1938இல் வெளிவந்தது. அதற்கு முன்னுரை எழுதியவர் யார் தெரியுமா? தமிழ்த் தாத்தா உ.வே. சாமிநாதய்யர்! தமிழ் முஸ்லிம் பெண்களில் முதல் நாவலாசிரியர் என்று இன்று ஆய்வாளர்கள் கொண்டாடுகிறார்கள்.

வீடு ஒரு பள்ளிக்கூடமாக முடியும் என்பதற்கு அவர் சான்று. ஆனால் ‘அவர் வீட்டிலேயே படித்தாரே, நம் பெண்பிள்ளையையும் நிறுத்திவிடலாம்’ என்று யாராவது கிளம்பினால், நான் சொன்னதைத் தலைகீழாகப் புரிந்து கொண்டார்கள் என்று அர்த்தம். அவர் காலத்தில் அடைக்கப்பட்ட கதவை இன்று நாமே போய் அடைக்கலாமா?

வீட்டுப் பாடம் மட்டும் போதுமா?

இங்கே ஒளிவு மறைவில்லாமல் பேச வேண்டும். அந்தத் தாயைப் பாராட்டிவிட்டு, ‘மாஷா அல்லாஹ், வீட்டிலேயே படிக்கட்டும்’ என்று வந்துவிட்டால் அது அநியாயம். போதாது. ஏன்?

முதலாவது, சான்றிதழ். 2007இல் தமிழ்நாட்டில் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீதத் தனி இடஒதுக்கீடு வந்தது. எத்தனை மாநாடு, எத்தனை பேரணி நடத்திப் பெற்றோம்! அந்தச் சலுகையைத் தொட வேண்டுமானால் கையில் பத்தாம் வகுப்புத் தாள் வேண்டும், பன்னிரண்டாம் வகுப்புத் தாள் வேண்டும். பாயில் படித்த அறிவுக்கு இடஒதுக்கீடு கிடையாது. 6 முதல் 14 வயது வரையுள்ள முஸ்லிம் பிள்ளைகளில் 25 சதவீதம் வரை பள்ளிக்கே போகாதவர்கள் அல்லது இடையில் நின்றவர்கள் என்று 2006இல் சச்சார் குழு சொன்னது. அது இந்தியா முழுமைக்குமான கணக்கு. ‘தமிழ்நாடு பரவாயில்லை’ என்று நாம் ஆறுதல் கொள்கிறோம். நம் தெருவில் எத்தனை என்று எண்ணிப் பார்த்தோமா?

இரண்டாவது, பிள்ளைக்குத் தோழர்கள் வேண்டும். அந்தச் சிறுவன் தெருப் பிள்ளைகள் பை மாட்டிக் கொண்டு போகும் நேரத்தில் வாசலுக்கு வர மாட்டானாம். வெட்கம். ஒன்பது வயதில் என்ன தப்புச் செய்தான் வெட்கப்பட?

மூன்றாவது, தாயின் உடல். சஹருக்கு எழுந்தவர் இரவு தையல் இயந்திரத்தை நிறுத்தும்போது மணி பதினொன்று. தாயே தகப்பன், தாயே சம்பாதிப்பவர், தாயே வாத்தியார். எத்தனை நாள் தாங்கும்?

கொரோனா காலத்தை நினைத்துப் பாருங்கள். 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் ஒன்று முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. அந்தப் பத்தொன்பது மாதமும் ஒவ்வொரு வீடும் பள்ளிக்கூடம்தான். தந்தையும் தாயும் இருந்த வீடுகளிலேயே பிள்ளைகள் எழுத்தை மறந்தன. அந்த இழப்பை ஈடுகட்ட அரசு 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கி, மாலை நேரத்தில் தன்னார்வலர்களைத் தெருவுக்கே அனுப்ப வேண்டியதாயிற்று. அவர்களில் பலர் நம் பக்கத்து வீட்டுப் பெண்கள்தானே? அரசு கூப்பிட்டால் வருகிறார்கள். நாம் கூப்பிட்டோமா?

தெரிந்து கொள்ள வேண்டிய சட்டம்

இளைஞர்களே, கைபேசியில் குறித்துக் கொள்ளுங்கள். அந்தத் தாய் பத்து மாதம் முடங்கியதற்குக் காரணம் வறுமை மட்டுமல்ல. சட்டம் தெரியாமை. அவருக்கு மட்டுமா? எனக்கும் தெரியாது! அன்று இரவே ஒரு வழக்கறிஞர் சகோதரரிடம் கேட்டுத் தெரிந்து கொண்டேன்.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. 6 முதல் 14 வயது வரை கல்வி பிள்ளையின் உரிமை. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்றும் அதே சட்டம் சொல்கிறது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்பதற்காக அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ சேர்க்கையைத் தள்ளிப் போடவோ மறுக்கவோ கூடாது. வயதுச் சான்று இல்லை என்பதற்காகவும் மறுக்கக் கூடாது. இடையில் நின்ற பிள்ளையை அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். கட்டண பாக்கியை வசூலிக்கும் கருவியாக மாற்றுச் சான்றிதழைப் பயன்படுத்தக் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடம் என்கிறார்களே, அது நுழைவு வகுப்புக்கு. நாலாம் வகுப்பில் தந்தையை இழந்த பிள்ளைக்கு அது உதவாது. இதையும் தெரிந்து வைத்துக் கொள்ளுங்கள். இல்லாத கதவைத் தட்டி நாளைக் கழிக்க வேண்டாம்.

பள்ளிப் பருவம் தாண்டிப் போன பிள்ளைகளுக்கும் வழி இருக்கிறது. பன்னிரண்டரை வயது நிறைந்தவர் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். பிறகு பத்தாம் வகுப்பையும் தனித்தேர்வராகவே எழுதலாம். அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு மட்டும் உரிய காலத்தில் பதிவு செய்ய வேண்டும். மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் 1989 முதல் இருக்கிறது. பதினான்கு வயது நிறைந்தால் அதில் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். ஐந்து ஆண்டில் ஒன்பது வாய்ப்பு. ஒவ்வொரு பாடமாகவும் எழுதி முடிக்கலாம். ஆனால் பிள்ளை பிறகு என்ன படிக்கப் போகிறது, எந்த வேலைக்குப் போகப் போகிறது என்பதை யோசித்து, அந்த இடத்தில் எந்தச் சான்றிதழ் கேட்பார்கள் என்று முன்பே விசாரித்துவிட்டு வழியைத் தேர்ந்தெடுங்கள்.

பண உதவிக்கும் வழி உண்டு. ‘மிஷன் வாத்சல்யா’ திட்டத்தில் தந்தையை இழந்த பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவுக்கு விண்ணப்பிக்கலாம். கிராமப்புறத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 72,000, நகரத்தில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்று 2022ஆம் ஆண்டு வழிகாட்டி நெறிகள் சொல்கின்றன. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனுக் கொடுக்க வேண்டும். இதே 2022இல்தான் சிறுபான்மைப் பிள்ளைகளுக்கு ஒன்று முதல் எட்டு வரை கிடைத்து வந்த மத்திய அரசின் பள்ளிக் கல்வி உதவித்தொகை நிறுத்தப்பட்டு, ஒன்பது, பத்து வகுப்புகளோடு சுருக்கப்பட்டது. எடுத்ததற்குக் குரல் கொடுப்போம், கொடுத்துக் கொண்டே இருப்போம். ஆனால் இருப்பதைக் கேட்டு வாங்கித் தராமல், எடுத்ததை மட்டும் பேசுவது அரசியலும் ஆகாது, சேவையும் ஆகாது.

தனித்து நிற்கும் தாய்மார்களுக்கு

இந்த உரையை வீட்டில் வாசிக்கப் போகும் சகோதரிகளுக்குச் சில வார்த்தை. கணவரை இழந்தவர், கைவிடப்பட்டவர், மனைவியை இழந்து பிள்ளையோடு நிற்கும் தந்தையர் எல்லோருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

பள்ளியில் சேர்த்தாலும் வீட்டுப் பாடத்தை நிறுத்தாதீர்கள். நாளெல்லாம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. சுபுஹுக்குப் பின் இருபது நிமிடம் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். பகலில் உங்கள் தொழிலையே கணக்காக்குங்கள். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் அரை மணி நேரம் எழுத்து. இவ்வளவு போதும், ஆனால் தினமும் வேண்டும்.

புத்தகத்துக்குச் செலவு செய்யாதீர்கள். அரசுப் பள்ளியில் பாடப்புத்தகம் இலவசம். அதே புத்தகங்களைக் கைபேசியில் காசில்லாமல் இறக்கிக் கொள்ளலாம். அதிலுள்ள சதுரக் கட்டக் குறியீட்டைக் கைபேசியில் காட்டினால் பாட விளக்கப் படம் வரும். 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி உண்டு. ஊரில் கிளை நூலகம் உண்டு. பிள்ளையை உறுப்பினராக்குங்கள். கைபேசியை நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் கொடுங்கள்.

உங்களுக்குத் தெரியாததைத் தெரியாது என்று பிள்ளையிடம் சொல்ல வெட்கப்படாதீர்கள். ‘வா, கேட்டுத் தெரிந்து கொள்வோம்’ என்று சொல்கிற தாய்தான் நல்ல ஆசிரியை. எங்களிடம் கேட்கவும் வெட்கப்படாதீர்கள். வெட்கப்பட வேண்டியது நாங்கள்!

வணிகர்களுக்கும் இளைஞர்களுக்கும்

வணிகப் பெருமக்களே! ரமளானில் கடை வாசலில் வரிசை நிற்க வைத்து நூறும் இருநூறுமாக ஸகாத் கொடுக்கிறீர்கள். அந்த வரிசையில் நிற்க மனம் வராத தாய்மார் வீட்டுக்குள் இருக்கிறார்கள். பத்துக் கடைக்காரர் சேர்ந்து ஒரு தெருவை எடுத்துக் கொள்ளுங்கள். அந்தத் தெருவில் தகுதியுள்ள பிள்ளைகளின் பேருந்துச் செலவு, நோட்டு, தேர்வுக் கட்டணம் உங்கள் பொறுப்பு. மாவட்டங்களில் ஆட்சித் தலைவர் தலைமையில் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கங்கள் இயங்குகின்றன. அவை திரட்டும் நன்கொடைக்கு அரசும் இணை மானியம் தருகிறது. உங்கள் ஸதகாவை அங்கேயும் கொண்டு போய்ச் சேருங்கள். வரவு செலவு பார்க்கிற நீங்கள் இந்தக் கணக்கை விடலாமா?

கடையில் பையன் வேண்டும் என்று கேட்டு, பன்னிரண்டு வயதுப் பிள்ளையை ‘பாவம், தகப்பன் இல்லாதவன்’ என்று வேலைக்கு வைக்காதீர்கள். அது உதவியும் அல்ல; சட்டப்படி குற்றமும் கூட. அந்தத் தாய்க்கு வேலை கொடுங்கள், பிள்ளையைப் பள்ளிக்கு விடுங்கள்.

இளைஞர்களே! கொடி கட்டவும் சுவரொட்டி ஒட்டவும் இரவு இரண்டு மணி வரை விழிக்கிறீர்கள். அல்லாஹ் அதற்குக் கூலி தருவான். வாரத்தில் இரண்டு மாலை, ஒரு மணி நேரம், பள்ளிவாசல் வராண்டாவில் உட்காருங்கள். ஆங்கிலம் தெரிந்தவர் ஆங்கிலம், கணக்குத் தெரிந்தவர் கணக்கு. பெண்பிள்ளைகளுக்கு நம் சகோதரிகள் ஒரு வீட்டில் உட்காரட்டும். பித்ரா பட்டியலில் இன்றே ஒரு கட்டம் கூடுதலாக வரையுங்கள்: பிள்ளையின் பெயர், வகுப்பு, கடைசியாகப் பள்ளி போன நாள். இத்தாவில் ஒரு பெண் இருக்கிறார் என்று தெரிந்தால், ஏழாம் நாளுக்குள் ஒருவர் அந்தப் பிள்ளையின் பள்ளிக்குப் போய்த் தலைமை ஆசிரியரைப் பார்த்துப் பேசி வர வேண்டும். இது ஜமாஅத்தின் கடமை என்று எழுதி வையுங்கள்.

அந்தச் சிறுவன்

அவன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். வழக்கறிஞர் சகோதரர் எழுதித் தந்த மனுவோடு கல்வி அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்தோம். 2024 ஜூனில் பள்ளி திறந்தபோது அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் சேர்ந்தான். தலைமை ஆசிரியை ஓர் இந்துச் சகோதரி. மேட்டூர் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “இதை யாருப்பா சொல்லிக் கொடுத்தது?” என்று கேட்டார். “எங்கம்மா” என்றான். கணக்கில் வகுப்புக்கு முன்னால் நின்றான். ஆங்கிலத்தில் பின்னால் நின்றான். நம் இளைஞர் ஒருவர் வாரம் இரண்டு நாள் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். இடையில் ஒரு மாதம் அவர் போகாமல் விட்டுவிட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். தொடங்குவது எளிது, தொடர்வதில்தான் நாம் தோற்கிறோம்.

அந்த ஆண்டு ஜூன் 12இல் மேட்டூர் திறக்கவில்லை. ஜூலை இறுதியில்தான் தண்ணீர் வந்தது. வந்தபோது அணை 120 அடியைத் தொட்டது. அன்று அசருக்குப் பின் அந்தச் சிறுவன் பள்ளிவாசல் வாசலில் நின்று கொண்டிருந்தான். “அஜரத், இன்னைக்குக் கழிச்சா பூஜ்யம்” என்றான். நான் சிரித்தேன், கண்ணும் கலங்கியது.

தண்ணீர் அணையில் நிரம்பினால் மட்டும் வயல் விளையாது. வாய்க்கால் தூர் வாரியிருக்க வேண்டும், கடைமடை வரை போய்ச் சேர வேண்டும். நம் சமுதாயத்தில் பணம் இருக்கிறது, படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள், சட்டம் இருக்கிறது. கடைசி வீட்டுப் பாய் வரை அது போய்ச் சேருகிறதா? அநாதையைப் பொறுப்பேற்றவர் சுவனத்தில் தமக்கு எவ்வளவு நெருக்கம் என்பதை நபி (ஸல்) அவர்கள் இரண்டு விரல்களைக் காட்டி உணர்த்தினார்களே, அந்த நெருக்கம் நமக்கு வேண்டாமா?

இந்த அமர்வு முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் உங்கள் தெருவை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். எந்த வீட்டில் தந்தை இல்லை? அந்த வீட்டுப் பிள்ளை இன்று எங்கே இருந்தது? பதில் தெரியாவிட்டால் கதவைத் தட்டிக் கேளுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், தனித்து நின்று அவர்களை வளர்க்கும் தாய்மார்களுக்கு மனவலிமையையும், நமக்கு அவர்கள் கதவைத் தட்டும் எண்ணத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.